பணக்காரர் வரி: சேகருக்கு ஒரு பதில்

அன்புள்ள சேகர்,

மெசேஜ் பார்த்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. கொஞ்ச நாளைக்கு அடுப்புப் பக்கம் விடாதே, சொன்னாலும் கேட்க மாட்டார்கள். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் ப்ளஸ் டூ என்பதால் வீட்டில் டிவி சத்தமே இல்லை. எனக்கு ஆடிட்டர் ஆபீஸில் ரிட்டர்ன் சீசன், வீட்டுக்குப் போக ராத்திரி ஆகிவிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "பணக்காரனுக்கு இன்னும் வரி போடு என்று கத்துகிறவன் எவனும் வரி கட்டுகிறவன் இல்லை. ஏற்கெனவே முப்பது சதவீதம் போகிறது, இதற்கு மேல் கேட்டால் எல்லோரும் துபாய்க்குப் போய்விடுவார்கள்" என்று எழுதியிருந்தாய். சம்பளம் கைக்கு வரும் முன்பே டிடிஎஸ் என்று வருமான வரியைப் பிடித்துக்கொள்கிற எரிச்சல் எனக்கும் புரிகிறது. ஆனால் பணக்காரன் என்று யாராவது சொன்னதும் நீ ஏன்டா உன்னை நினைத்துக்கொள்கிறாய்?

முதலில் ஒன்று. வரி கட்டாதவர் என்று இந்த நாட்டில் யாருமே கிடையாது. எங்கள் ஆபீஸைக் கூட்டுகிற அக்கா போடும் செல்போன் ரீசார்ஜில் 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது, கோடீஸ்வரர் போடும் ரீசார்ஜிலும் அதே 18தான்.

இப்போது உன் கதைக்கு வா. நாங்கள் ரிட்டர்ன் போடும் சாஃப்ட்வேரில், கழிவெல்லாம் போக நாற்பது லட்சம் என்று சம்பளக் கட்டத்தில் அடித்தால், புதிய வருமான வரி முறையில் வரி எட்டு லட்சத்துக்கு மேல் வந்து நிற்கும். அதே நாற்பது லட்சத்தைப் பங்கு விற்ற நீண்டகால ஆதாயமாக (வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபம்) அடித்துப் பார், வேறு வருமானம் இல்லையென்றால் நாலரை லட்சம் சொச்சம்தான் வரும். ஒருவர் காலையில் எட்டு மணிக்குக் கிளம்பி ஓஎம்ஆர் டிராஃபிக்கில் நின்று சம்பாதித்தது, இன்னொருவர் அப்பா வாங்கிப்போட்ட பங்கை விற்றது. பங்கு ஆதாயத்துக்கு 2018 வரை அதுவும் கிடையாது, அப்புறம் 10 சதவீதம், 2024இல்தான் 12.5 ஆனது. மேலே போகப் போக இடைவெளி இன்னும் கூடுகிறது. ஐந்து கோடிக்கு மேல் சம்பளம் வாங்குகிறவருக்கு சர்சார்ஜ், செஸ் என்று வரியின் மேலேயே போடும் கூடுதல் வரிகள் எல்லாம் சேர்த்து உச்ச விகிதம் 39 சதவீதம் (2023க்கு முன் 42.74 இருந்தது, குறைத்துவிட்டார்கள்). ஆனால் அதே தொகை பங்கு ஆதாயமாக வந்தால் சர்சார்ஜ் வரித் தொகையில் 15 சதவீதத்துக்கு மேல் போகாது, எல்லாம் சேர்த்தும் மொத்த வரி ஆதாயத்தில் 15 சதவீதத்தைத் தொடாது. பங்கை விற்காமலே வைத்திருந்தால் அதன் மதிப்பு எத்தனை மடங்கு ஏறினாலும் அந்த ஏற்றத்துக்கு ஒரு பைசா வரி இல்லை.

அதனால்தான் உச்ச விகிதத்தை ஏற்று என்று சும்மா சொல்வதில் எனக்கும் உடன்பாடில்லை. 1973-74இல் வருமான வரியின் உச்ச விகிதம் 97.75 சதவீதம். யாரும் அதை நேர்மையாகக் கட்டவில்லை. இவ்வளவு உயர்ந்த விகிதம்தான் கறுப்புப் பணத்துக்கு முக்கியக் காரணம் என்று அரசு அமைத்த வாஞ்சூ கமிட்டியே சொன்னது, 1974-75இல் 77க்கு இறக்கினார்கள். சம்பள விகிதத்தை ஏற்றினால் மாட்டுவது உன்னைப் போன்றவர்களும் டாக்டர்களும்தான்.

கை வைக்க வேண்டிய இடம் சொத்து. 1957இலேயே நமக்குச் செல்வ வரி (வருமானத்துக்கு இல்லாமல், வைத்திருக்கும் சொத்தின் மதிப்புக்கு வருடா வருடம் போடுவது) இருந்தது, கால்டோர் என்ற பொருளாதார அறிஞர் சொல்லி வந்தது. 2015இல் நிதியமைச்சர் ஜெட்லி அதை எடுத்தபோது சொன்ன காரணம், வசூல் வெறும் 1,008 கோடி என்பது. எப்படி வரும்? 1993இலிருந்து பங்குகளுக்கு அதில் விலக்கு. பெரிய பணக்காரர்களின் சொத்தே பங்குகளில்தான் இருக்கிறது, அதை வெளியே விட்டுவிட்டு நகைக்கும் காருக்கும் காலி மனைக்கும் வரி போட்டால் அவ்வளவுதான் தேறும். வாரிசு சொத்து வரியும் அப்படித்தான் போனது. 85 சதவீதம் வரை விகிதம் வைத்தார்கள், வந்தது இருபது கோடி போல, 1985இல் அப்போதைய நிதியமைச்சர் வி.பி.சிங் எடுத்துவிட்டார். ஜப்பானில் இன்றும் 55 சதவீதம் வரை வாரிசு வரி இருக்கிறது, அங்கே ஒன்றும் கம்பெனிகளை மூடிவிட்டுப் போய்விடவில்லை.

துபாய் பயம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். நார்வேயில் 2022இல் செல்வ வரியைக் கூட்டியதும் பல கோடீஸ்வரர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போனது உண்மை. ஆனால் சுவிட்சர்லாந்திலும் செல்வ வரி உண்டு! அதோடு, ஆள் போகலாம், பல்லடத்து மில்லும் அண்ணா சாலைக் கட்டடமும் விமானம் ஏறாது. ஆதாயம் இங்கேதான் பிறக்கிறது, இங்கேயே பிடிக்கலாம்.

என் கணக்கு இது. வருடத்துக்கு ஒரு கோடிக்கு மேல் வரும் பங்கு ஆதாயத்துக்குச் சம்பள விகிதமே போட வேண்டும். பத்துக் கோடிக்கு மேல் வாரிசுக்குப் போகும் சொத்துக்கு மிதமாக ஒரு வரி, 20 சதவீதம் என்று வை. உன் வேளச்சேரி ஃப்ளாட்டும் என் அப்பாவின் இரண்டு ஏக்கரும் இதன் பக்கத்திலேயே வராது. பத்துக் கோடி குறைவு என்று தோன்றினால் எவ்வளவு வைக்கலாம் என்று எழுது, ஆனால் எல்லையே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதே. தீபாவளிக்கு ஊருக்கு வருவாய்தானே, அங்கே உட்கார்ந்து மிச்சத்தைச் சண்டை போடலாம்.

அன்புடன்,
குமார்