இந்த ஆண்டு எங்கள் கலை வட்டத்தோடு நின்றவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். இந்த ஆண்டுப் பேச்சுகளும் பயணங்களும் போன ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டைப் பக்கத்து நார்த்தாமலையோடு முடிந்தன. அங்கேயே ஒவ்வொருவரிடமும் போய் நன்றி சொல்ல நினைத்தேன், அதற்குள் வெயில் ஏறிவிட்டது, வண்டியும் கிளம்பிவிட்டது. அதனால் எல்லோரும் பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் கேட்பது, அப்புறம் போய்ப் பார்ப்பது, இவ்வளவுதான் எங்கள் திட்டம். அதைக் காகிதத்தில் எழுத எத்தனை நேரம் ஆகும்? நடத்திக் கொடுத்தது பேச வந்தவர்கள்தான். பஸ் செலவைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பற்றிப் பேசிய பாட்டு டீச்சர் அம்மாவுக்கு என் முதல் வணக்கம். பாறையில் கிரந்த எழுத்தில் ஏழு பகுதிகளாக வெட்டியிருக்கும் சுர வரிசைகளைத் திரையில் காட்டியதோடு விடாமல், ர, ரி, ரு, ரெ என்று ஒரே சுரம் உயிரெழுத்து மாறி மாறி வருவதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லிக் காட்டினீர்கள், எங்களையும் சொல்ல வைத்தீர்கள். அது அன்று எப்படி ஒலித்தது என்று இன்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன்தான் வெட்டுவித்தான் என்பதிலும் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை என்று மறைக்காமல் சொன்னீர்களே, அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. பிறகு பாறைக்கு முன்னால் போய் நின்றபோது பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய" என்ற தமிழ் வரியைத் தேடினார்கள். அந்தப் பேச்சைக் கேட்காமல் போயிருந்தால், கீழே மண்டபத்துச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பியிருப்போம்.

பழைய ஓவியங்கள் இருக்கும் சித்தன்னவாசல் குகைக்குப் போவதற்கு முன்பு செங்காவி, மஞ்சட்காவி, கரி, சுண்ணாம்பு எல்லாம் கொண்டுவந்து மேசையில் பரப்பி, சுவர்ப் பூச்சில் நிறம் எப்படிப் பிடிக்கிறது என்று செய்தே காட்டிய ஓவிய ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. குகைக்குள் இருந்த காவலர் அண்ணனை எப்படி மறப்பது! எங்களைச் சின்னச் சின்னக் குழுவாக உள்ளே விட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுங்கள் என்று நிறுத்திவைத்து, அப்புறம்தான் மேலே பார்க்கச் சொன்னார். விதானத்தில் தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் ஆள் என்று மங்கிப்போன கோடுகளை ஒவ்வொன்றாகக் கையால் காட்டினார். அங்கே இருக்கும் கல்வெட்டு, 9ஆம் நூற்றாண்டில் அந்தச் சமணக் குகைக்கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியர் இளங்கௌதமனின் பெயரைச் சொல்கிறது. இன்று அதைப் பார்த்துக்கொள்கிறவரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இந்த மடலிலாவது அவருக்கு ஓர் இடம் இருக்கட்டும்.

நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரம் கோயிலுக்குப் பாறையில் ஏற முடியாத பெரியவர்கள் கீழேயே தங்க வேண்டியதாயிற்று. அவர்களோடு உட்கார்ந்துவிட்ட இரண்டு கல்லூரித் தம்பிகளும் அந்த வட்டக் கருவறையைப் பார்க்கவேண்டும் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. தம்பிகளா, உங்களுக்காகவே அங்கே இன்னொரு முறை போவோம், இது சும்மா சொல்வதில்லை.

கூடம் தந்த பள்ளிக்கூடத்தார், புரொஜெக்டர் தூக்கிவந்தவர்கள், விடியற்காலையில் எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொடுத்த அக்காமார் எல்லோருக்கும் நன்றி. வேன் ஓட்டிய அண்ணன் முதல் பயணத்தில் வண்டியிலேயே படுத்திருந்தார். கொடும்பாளூர் மூவர் கோயிலில், மூன்றில் இரண்டுதானே நிற்கிறது, மூன்றாவது எங்கே என்று முதல் கேள்வி கேட்டவர் அவர்தான். அவர் கேட்டபிறகுதான் எல்லோரும் போய் மூன்றாவது கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி நின்று பார்த்தோம்.

அடுத்த ஆண்டு திருமயத்திலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறோம். பேச்சாளர் சம்மதித்துவிட்டார், கூடமும் அதேதான். வேறு ஊர் பார்க்கவேண்டும் என்று யாருக்காவது ஆசை இருந்தால் பொங்கலுக்குள் சொல்லிவிடுங்கள்.