அக்கா யார், தங்கை யார்?

ஆசிரியருக்கு,

'லே சொரெல்லே மக்கலூசோ' (2020) என்ற இத்தாலியப் படத்துக்கு உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மதிப்புரை, பாதிப் படத்துக்கு மேல் யார் யாரென்றே பிடிபடவில்லை என்று இயக்குநர் எம்மா தாந்தேயைக் குறை சொல்கிறது. குறை இயக்குநரிடம் இல்லை. ஆங்கிலத்திலிருந்து அவசரமாகத் தமிழுக்கு இழுத்த சப்டைட்டிலில் இருக்கிறது.

பலேர்மோ நகரில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் தாய் தகப்பன் இல்லாத அக்கா தங்கைகள் ஐந்து பேர்: மரியா, பினூச்சா, லியா, காத்யா, அந்தொனெல்லா. விழாக்களுக்குப் புறா வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறார்கள். மொண்டெல்லோ கடற்கரைக்குப் போன நாளில் கடைக்குட்டி அந்தொனெல்லா இறந்துபோகிறாள். மற்றவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகும்போது அவள் மட்டும் சிறுமியாகவே வீட்டுக்குள் வந்து நிற்கிறாள். ஒவ்வொரு பருவத்துக்கும் வேறு நடிகைகள், மொத்தம் 12 பேர். முகம் மாறிக்கொண்டே இருப்பதால் நமக்குக் கிடைக்கும் பிடிமானம் இரண்டுதான்: கூப்பிடும் பெயர், மூத்தவள் இளையவள் என்ற வரிசை.

ஆங்கிலத்தில் அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே சொல். அதைத் தமிழில் 'சகோதரி' என்று போட்டுவிட்டால் வரிசை போயிற்று. மேடைப் பேச்சில் தவிர யார் வீட்டில் அந்தச் சொல் புழங்குகிறது? சரி, 'அக்கா' என்று மட்டும் எழுதினாலும் சிக்கல்தான். தங்கை அக்காவைக் கூப்பிடும்போது காதில் 'மரியா' என்று விழுகிறது, திரையில் பெயர் இல்லை. வெறும் 'மரியா' என்றால் தங்கை மரியாதை இல்லாமல் கூப்பிடுவதுபோல் நமக்கு உறுத்தும். 'மரியாக்கா' என்று சேர்த்து எழுதினால் இரண்டும் தீர்ந்தது. மூத்தவள் இளையவளிடம் பேசும்போது 'என்னடி', 'வாடி' போதும். அந்த ஒரு 'டி' எவ்வளவோ விளக்கத்தை மிச்சம் பிடிக்கும். அக்காவுக்கு 'நீங்க' வேண்டாம், 'நீ வாக்கா'தான். சண்டை முற்றும் இடத்தில் 'அக்கா'வை எடுத்துவிட்டு வெறும் 'மரியா' என்று வையுங்கள். அறைந்த மாதிரி இருக்கும்.

இன்னொரு பொறி, 'மி திஸ்பியாசே' என்ற இத்தாலியச் சொல். மன்னிப்புக் கேட்கவும் சொல்வார்கள், இழவு வீட்டில் 'மனசுக்குக் கஷ்டமா இருக்கு' என்ற பொருளிலும் சொல்வார்கள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'சாரி'தான். அங்கிருந்து தமிழுக்கு வருகிறவர் கண்ணை மூடிக்கொண்டு 'மன்னிச்சிடு' போடுகிறார். தங்கை செத்ததற்கு யார் காரணம் என்று ஒருத்தியை ஒருத்தி குத்திக்கொள்ளும் வீட்டில், துக்கச் சொல் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக மாறினால் கதையே வேறாகிவிடும்.

சகோதரிகள் பேசுவது பலேர்மோ வட்டார வழக்கு கலந்த பேச்சு. அதற்கு ஈடாக மதுரைத் தமிழோ கோவைத் தமிழோ வேண்டாம். பலேர்மோ மறைந்து நம் ஊர்தான் முன்னால் வந்து நிற்கும். பொதுவான பேச்சுத்தமிழ் போதும், இடமும் மிச்சம். 'போய்க்கொண்டிருக்கிறாள்' 11 எழுத்து, 'போயிட்டிருக்கா' 7. சப்டைட்டில் மென்பொருள் கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுவதால் அதன் கணக்கில் இவை 22, 14. வரிக்கு 42 குறி என்ற வழக்கமான வரம்பு தமிழில் இருபத்து சொச்சம் எழுத்துதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது, ஒரு சப்டைட்டில் ஏழு நொடிக்கு மேல் திரையில் நிற்கவும் கூடாது. பெயரையும் வினையையும் வேறு வேறு வரியில் பிரித்துப் போட்டால் கண் தடுமாறும்.

அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கம் போன்ற அரங்கில் யாராவது இந்தப் படத்தை உரிமையாளரிடம் முறையாக அனுமதி வாங்கித் திரையிட்டால், சப்டைட்டில் கோப்பினை 'யூடிஎஃப்-8' என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்கட்டும். இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறியோ கிறுக்கலோதான் வரும். சில பிளேயர்களில் 'கெ'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும், 'கொ' மூன்று துண்டாகும். அரங்கின் கருவியிலேயே பத்து வரி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நொடிக்கு 25 பிரேம் (அசையாப் படம்) ஓடும் பிரதிக்குச் செய்த சப்டைட்டிலை 24 பிரேம் பிரதியோடு ஓட்டினால், ஒன்றரை மணி நேரப் படத்தின் கடைசியில் சப்டைட்டில் வசனத்தை மூன்றரை நிமிடத்துக்கு மேல் முந்திக்கொள்ளும். முதல் காட்சியில் இது தெரியாது. ஆகவே சோதிக்கும்போது படத்தின் கடைசி வசனத்தை முதலில் ஓட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
சப்டைட்டில் எழுதுவோர் சிலர்,
பெங்களூரு