குஜராத்தின் ஜூனாகத்தில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அன்றைக்குப் போனில் நீ சொன்னது இரண்டு நாளாக மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. "இந்த ஊர்ல எத்தனை ராஜாப்பா, ஒரு பேரும் மண்டையில நிக்க மாட்டேங்குது. பேங்க்குக்கு வர்ற பெரியவங்க நவாப் காலம், நவாப் காலம்ங்கறாங்க. நான் தலையை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்" என்றாய். இதையெல்லாம் போனில் ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிஷம் உனக்கு வேறு கால் வந்துவிடும். அதனால்தான் தாளை எடுத்தேன்.

உன்னை வேலையில் சேர்த்துவிட வந்தபோது கிர்நார் மலைக்குப் போகும் வழியில் ஒரு பாறையைப் பார்த்தோம். "ஒத்தைக் கல்லுக்கா வீடு கட்டி வச்சிருக்காங்க?" என்று அம்மா கேட்டாளே, அதேதான். நீ வெளியே ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாய். நான் உள்ளே போனவன் வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. அதற்கு நீ என்னிடம் கோபித்துக்கொண்டாய். ஏன் அவ்வளவு நேரம் நின்றேன் என்று அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

யானை படுத்த மாதிரி கிடக்கும் அந்தக் கல்லில் மூன்று காலத்து எழுத்து இருக்கிறது. முதலில் அசோகர், கி.மு. 3ஆம் நூற்றாண்டு. அடுத்தது ருத்ரதாமன் என்ற சகர் இனத்து அரசன், கி.பி. 150ஐ ஒட்டி. மூன்றாவது ஸ்கந்தகுப்தன் காலத்தது, கி.பி. 450களில். அசோகர் வெட்டியது அவருடைய 14 கட்டளைகள். அதில் இரண்டாவதை மட்டும் நீ தேடிப் பார்க்க வேண்டும். மனிதருக்கும் ஆடுமாடுகளுக்கும் வைத்தியம், வழியெல்லாம் கிணறு, மரம் என்று போகிற அந்தக் கட்டளையில் "சோடா, பாடா, சதியபுதோ, கேதலபுதோ" என்று அண்டை நாட்டார் பெயர்கள் வருகின்றன. சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர்! மொழி தெரியாத ஊரில் தனியாக இருக்கிறேன் என்கிறாய். நம்ம ஊர்ப் பெயர் உனக்கு 2,200 வருஷம் முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்துவிட்டது.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அசோகர் இல்லை. மற்ற இரண்டும்தான். இரண்டும் ஒரே ஏரியைப் பற்றியவை, அதுவும் அந்த ஏரி உடைந்ததைப் பற்றியவை. 34 வருஷம் பொதுப்பணித் துறையில் கண்மாய்க் கரையிலேயே காலம் தள்ளியவன் அதை விட்டு எப்படி நகர்வான்?

ஏரியின் பெயர் சுதர்சனம், அதாவது பார்க்க அழகானது. சந்திரகுப்த மௌரியரின் ஆளுநர் புஷ்யகுப்தன் கட்டியது. அவன் ஒரு வைசியன். அசோகர் காலத்தில் துஷாஸ்பன் என்ற யவன அரசன் அதற்கு வாய்க்கால் போட்டான். இவ்வளவும் ருத்ரதாமன் கல்வெட்டு சொல்வது. பழைய கணக்கை ஒழுங்காக எழுதி வைத்துவிட்டுப் பிறகு தன் வேலையைச் சொல்கிறான் பார், அந்தப் பண்பு எனக்குப் பிடித்தது. நம் ஆட்கள் முந்தின எம்.பி. வைத்த கல்லைப் பெயர்த்துவிட்டுத்தானே தங்கள் கல்லை வைக்கிறார்கள்.

கரை எப்படிப்பட்டது என்பதற்கும் ஒரு வரி இருக்கிறது. பிரணாளி, பரீவாகம் என்று இரண்டு சொல் வருகின்றன. நம் பாஷையில் மடை, மிகுந்த தண்ணீர் வழியும் கலுங்கு. அசுத்தம் சேராமலிருக்க ஒரு ஏற்பாடும் இருந்ததாம். அப்படிப்பட்ட கரை, சக ஆண்டு 72, மார்கசீரிஷ மாதத்துத் தேய்பிறை முதல் நாள், புயல் மழையில் போய்விட்டது. மார்கசீரிஷம் என்றால் நமக்குக் கார்த்திகை, மார்கழி. நம் பக்கம் மழைக்காலம்தான். ஆனால் அங்கே ஆடி, ஆவணியில் பெய்து ஓய்ந்திருக்க வேண்டும். பருவம் தப்பிய மழை, ஏரி ஏற்கெனவே நிறைந்து நின்றிருக்கும். கலுங்கு தாங்காமல் தண்ணீர் கரை மேல் ஏறியிருக்கும் என்பது என் ஊகம். ஏறிவிட்டால் மண் கரை ஒரு ராத்திரி நிற்காது.

உடைப்பின் அளவு 420 முழம் நீளம், 420 முழம் அகலம், 75 முழம் ஆழம். 75 முழம் என்றால் நூறு அடிக்கு மேல். என் ஓவர்சீயர் இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால், டேப்பை எடுத்துக்கொண்டு வாய்யா என்று திருப்பி அனுப்பியிருப்பேன். இருந்தாலும் முழம் போட்டு எழுதியிருக்கிறானே, அதற்காக மன்னிக்கலாம். தண்ணீர் வடிந்து பாலைவனம் மாதிரி ஆனபோது சுதர்சனம் துர்தர்சனம் ஆகிவிட்டது என்று ஒரு சிலேடை வேறு.

இனிமேல்தான் விஷயம். மந்திரிகள், அதிகாரிகள் எல்லாரும் இதை அடைக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஜனங்கள் கதறினார்கள். அப்போது சுவிசாகன் என்ற அதிகாரி, ஒரு பஹ்லவன், வேலையை எடுத்து முடித்தான். கரை முன்னைவிட மூன்று மடங்கு உறுதி. வரி போடவில்லை, வெட்டி வேலை வாங்கவில்லை, கருவூலத்திலிருந்து கொடுத்தேன் என்று ராஜா சொல்லிக்கொள்கிறான். சோழர் கல்வெட்டுகளிலும் இந்த வெட்டி வரும், கூலியில்லாத உழைப்பு. சுவிசாகனுக்குக் கொடுத்திருக்கும் நற்சான்றிதழைக் கேள்: திறமையானவன், பொறுமைசாலி, அகந்தை இல்லாதவன், நேர்மையானவன், லஞ்சத்துக்கு மசியாதவன். கடைசிச் சொல் "அஹார்ய". அதற்கு அப்படித்தான் பொருள் சொல்கிறார்கள். ரிட்டையர்மென்ட் அன்றைக்கு எனக்குக் கொடுத்தது ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும்.

சகர் வெளியிலிருந்து வந்தவர்கள். பஹ்லவர் பார்த்தியர், ஈரானியப் பக்கம். துஷாஸ்பன் யவனன் என்றாலும் பெயர் ஈரானியப் பெயர். ஆனால் சமஸ்கிருதத்தில் இவ்வளவு நீளமாக எழுதிய முதல் அரசக் கல்வெட்டு இந்தச் சகனுடையதுதான். ஊருக்கு வந்தவன் ஊர்க்காரனைவிடச் சுத்தமாகப் பேசுவான் என்பது அப்போதே இருந்திருக்கிறது. நீ குஜராத்தி கற்றுக்கொள்வதில் சுணங்காதே.

முந்நூறு வருஷம் கழித்து, குப்த ஆண்டு 136இல், ஒரு ராத்திரி கரை மறுபடி உடைந்தது. இது மூன்றாவது கல்வெட்டு. "என்ன செய்வது, என்ன செய்வது" என்று ஜனங்கள் இரவெல்லாம் தூங்காமல் விழித்துக் கலங்கினார்கள் என்று எழுதியிருக்கிறது. இந்த வரிக்கு விளக்கத்தை நான் அங்கிருந்த பலகையில் தேடவில்லை. நீ பிறந்த வருஷம் ஐப்பசியில் நம் பெரிய கண்மாயில் ஜனம் இப்படித்தான் நின்றது. பெட்ரோமாக்ஸ் ஒன்று, மணல் மூட்டை நானூறு, பனந்தூர் முப்பது. விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது வடக்கு மடைக்குப் பக்கத்தில் போய்விட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதை அடைக்க நான் போட்ட எஸ்டிமேட் மேலே ஒரு மேஜையில் 14 மாதம் தூங்கியது. இரண்டு போகம் போனது. குப்தரின் ஆளுநர் பர்ணதத்தனின் மகன் சக்கரபாலிதன் இரண்டு மாதத்தில் அடைத்தான். ஆனால் அடைத்தது உடைந்த ஆண்டில் இல்லை, அடுத்த ஆண்டில்தான், அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

அதற்குப் பிறகு அந்த ஏரியைப் பற்றிப் பாறையில் பேச்சில்லை. இன்றைக்கு ஏரியும் இல்லை.

மீதி ராஜாக்களை ஓட்டமாகச் சொல்கிறேன். குப்தரின் தளபதி பட்டார்கன் வல்லபியில் தனியாக உட்கார்ந்து மைத்திரக வம்சத்தைத் தொடங்கினான். 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் அங்கே பௌத்த மடங்களைப் பார்த்திருக்கிறார். பிறகு வடக்கே பாட்டன் நகரில் சோலங்கி வம்சத்தார். அவர்களை நீ மறக்கவே முடியாது. தினம் எண்ணுகிற ஊதா நிற 100 ரூபாய்த் தாளின் பின்பக்கத்தைப் பார். ராணி கி வாவ், முதலாம் பீமன் நினைவாக அவன் ராணி உதயமதி கட்டிய படிக்கிணறு. 1025ஐ ஒட்டிக் கஜினி முகமது சோமநாதபுரத்துக்கு வந்தது இந்தப் பீமன் காலத்தில்தான். உன் ஊரில் சூடாசமா வம்சத்தார். உபர்கோட் கோட்டைக்குள் இருக்கும் நவகண் கிணறு அவர்கள் பேரைச் சொல்வது. 'அடி கடி வாவ்' என்ற படிக்கிணற்றையும் நவகண் கிணற்றையும் பார்க்காதவன் உயிரோடிருந்தும் செத்தவன் என்று அங்கே பழமொழியே உண்டு, நீ இன்னும் போகவில்லை என்கிறாய்! 1472இல் குஜராத் சுல்தான் மகமூத் பேகடா கோட்டையைப் பிடித்து ஊருக்கு முஸ்தபாபாத் என்று பெயர் மாற்றினார். 1573இல் அக்பர் குஜராத்தை எடுத்துக்கொண்டார். முகலாயர் தளர்ந்தபோது பாபி வம்சம் ஜூனாகத்தில் நிலைத்தது. உன் பெரியவர்கள் சொல்லும் நவாப் அவர்கள்தான்.

கடைசி நவாப் 1947இல் பாகிஸ்தானோடு சேர்வதாகச் சொன்னார். குடிகளில் பெரும்பாலோர் இந்துக்கள், தரைவழியே சுற்றிலும் இந்தியா. நவாப் கராச்சிக்குப் பறந்துவிட, திவான் ஷா நவாஸ் புட்டோ, பேநசீரின் தாத்தா, நிர்வாகத்தை இந்தியாவிடம் விட்டார். 1948 பிப்ரவரியில் ஓட்டெடுப்பு நடந்தது. பாகிஸ்தானுக்கு விழுந்தது 91 ஓட்டு. இதைப் பெரியவர்களிடம் நீயாக ஆரம்பிக்காதே. அவர்களே எடுத்தால் கேட்டுக்கொள். ஒவ்வொரு வீட்டுக் கதையும் வேறாக இருக்கும்.

இப்போது எனக்காக நீ ஒரு வேலை செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாறையிலிருந்து தாமோதர் குண்டம் வரை நடந்து போ. வழியில் ஓடும் சோன்ரேகாதான் கல்வெட்டின் சுவர்ணசிகதா ஆறு என்கிறார்கள். இரண்டு பக்கமும் மலைச்சரிவு எங்கே நெருங்குகிறது என்று பார். கரை போட்டால் நான் அங்கேதான் போடுவேன். அந்த இடத்தில் நின்று மேல்பக்கம் ஒரு போட்டோ, கீழ்ப்பக்கம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அளவு தெரிய ஓரத்தில் ஒரு ஆளோ வண்டியோ இருக்கட்டும்.

அம்மா கூழ்வடகமும் மாவடுவும் பார்சலில் போட்டிருக்கிறாள். மாவடு டப்பாவை நிமிர்த்தி வை. மழை நேரமாக இருந்தால் ஆற்றுக்குள் இறங்காதே.

அப்பா