அணை மாதிரிக்குக் காசு தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீர்மட்டம் நாளிதழ்களில் வருகிறது. குமரி மாவட்டப் பொறியியல் மாணவர்கள் இந்த மட்டம் ஏறி இறங்குவதைக் கணினியில் கணக்கிடும் மாதிரியையே ப்ராஜெக்ட்டுக்கு எடுக்கலாம். பைத்தான் என்ற நிரல்மொழி, அதில் கணக்குப் போட உதவும் நம்பை, சைபை என்ற நிரல் தொகுப்புகள், மூன்றும் இலவசம். சமன்பாடு ஒரே வரிதான்: இருப்பு மாறும் வேகம் = வரத்து − வெளியேற்றம். சறுக்குவது அலகில். விநாடிக்கு 1,000 கன அடி வீதம் நாள் முழுக்க வந்தால் 86.4 மில்லியன் கன அடி.

இருப்பிலிருந்து மட்டத்தைப் பெற, எந்த இருப்புக்கு எந்த மட்டம் என்ற அட்டவணை வேண்டும். அணை பெட்டி அல்ல, மேலே போகப்போக விரியும். அட்டவணையின் இடைப்பட்ட மதிப்புகளைக் கணிக்கும் நம்பையின் 'இன்டர்ப்' கட்டளை, இருப்பு அட்டவணையைத் தாண்டினால் பிழை காட்டாது, கடைசி மதிப்பையே தந்துகொண்டிருக்கும். பேச்சிப்பாறைக்கு 48 அடியோடு அட்டவணையை நிறுத்தினால், எந்த வெள்ளத்திலும் மட்டம் 48-லேயே நிற்கும்!

சமன்பாட்டைத் தீர்க்கும் சைபையின் 'சால்வ் ஐவிபி' கட்டளை, ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும் நேர இடைவெளியான காலப்படியைத் தானே நீட்டிக்கொள்ளும். மழையில்லாத நாட்களுக்கு நடுவே வரும் ஒரு மணி நேர மழையை அப்படியே தாண்டிவிடக்கூடும். காலப்படிக்கு உச்சவரம்பு வைக்கும் 'மேக்ஸ் ஸ்டெப்' அரை மணிக்கு மேல் போகக் கூடாது.

முடிவில் தொடக்க இருப்பு, வரத்து, வெளியேற்றம், இறுதி இருப்பு நான்கும் கணக்கில் நேராகின்றனவா என்று பார்க்க வேண்டும். வண்ண வரைபடத்துக்கு மதிப்பெண் போடும் பேராசிரியர்களும் இதை முதலில் கேட்கட்டும்.

– வாசகர்கள், தக்கலை