பேரன் ஏன் பேசுவதில்லை?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

என் பேரனுக்கு 14 வயது. தீமிதிக்கு வாடா என்றால் கதவைச் சாத்திக்கொள்கிறான், தமிழில் கேட்டால் பர்மியத்தில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். திமிர் என்று நானும் திட்டினேன். மனித வளர்ச்சியை 8 கட்டங்களாகப் பிரித்து 1950-இல் எழுதிய உளவியலாளர் எரிக் எரிக்சன், பதின்பருவம் ‘நான் யார்’ என்று தேடும் காலம் என்கிறார். தமிழனா, பர்மாக்காரனா என்று இரண்டு பக்கமும் இழுபடுகிற நம் பிள்ளைகளுக்கு அது இன்னும் கடினம் இல்லையா? போன வாரம் எதுவும் கேட்காமல், மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸான மொஹிங்கா வாங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதிக் கிண்ணம் காலியானதும், வகுப்பில் தன்னைக் ‘கலா’ என்று கூப்பிடுகிறார்கள் என்றான். இந்திய வம்சாவளியினரை இழிவாகச் சொல்லும் பர்மியச் சொல் அது. அந்தச் சொல்லின் வலி நமக்குத் தெரியாதா! தமிழ் வகுப்பு நடத்துகிறவர்களே, எழுத்தோடு நிறுத்தாமல், வாரம் ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பேசவிட்டுக் கேளுங்கள்.

ஒரு பாட்டி,
யாங்கோன்