சுவரின் தலையில் சுமை ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலோரக் கோட்டைகளை மக்கள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். முப்பது ஆண்டுகள் சுண்ணாம்புக் காரைச் சுவர்களோடு பழகிய பொறியாளன் நான். புதுப்பிக்கிறோம் என்று சிமெண்ட் மூட்டையை இறக்கினால் கோட்டை பிழைக்காது.

ஒருமுறை கடலை ஒட்டிய கோட்டைச் சுவர் ஒன்றின் சிமெண்ட் பூச்சைத் தட்டிப் பார்த்தேன். வெற்றுப் பானைபோல் ஒலித்தது. பெயர்த்தால் உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரல் பட்டதும் செங்கல் மாவாக உதிர்ந்தது. கடற்காற்றும் ஈரமும் சுவருக்குள் உப்பைக் கொண்டுசேர்க்கின்றன. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். உப்பு பூச்சிலேயே தங்கும். பூச்சு உதிர்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் ஈரத்தை அடைத்துவிடும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை நொறுக்கும்.

கோட்டையை அருங்காட்சியகமாக மாற்றுவது என்றால் குளிர்சாதனம், மின்தூக்கி, கழிப்பறை எல்லாம் வேண்டும். அத்தனையையும் இப்படிப்பட்ட சுவரில் துளைபோட்டுப் பொருத்தலாமா? பிரான்சின் மார்சே நகரில் கட்டடக் கலைஞர் ரூடி ரிச்சியோட்டி அருங்காட்சியகத்தின் பெரிய கட்டடத்தைப் பழைய சேன் ஜான் கோட்டைக்குள் திணிக்கவில்லை. பக்கத்துத் துறைமுக மேடையில் எழுப்பி, நீரின் மேலே நூறு மீட்டருக்கு மேல் நீளும் நடைபாலத்தால் கோட்டையோடு இணைத்தார். 2013இல் அது திறக்கப்பட்டது. டென்மார்க்கின் பிளாவண்ட் கடற்கரையில், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட பீரங்கிப் பதுங்கரண் (பங்கர்) ஒன்று நிற்கிறது. கட்டடக் கலைஞர் பியார்க்கே இங்கெல்சின் நிறுவனம் 2017இல் புதிய அருங்காட்சியகத்தை அருகிலுள்ள மணல்மேட்டுக்குள் அமைத்தது. சுரங்கவழியாகப் பதுங்கரணுக்குப் போகலாம். அதன் கனத்த கான்கிரீட்டும் இருட்டும் அப்படியே இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

புதியதைத் தள்ளிக் கட்டுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. மார்சேயில் கண்காட்சிக்குத்தான் டிக்கெட். கோட்டையின் முற்றங்களிலும் மதிலிலும் யாரும் இலவசமாக நடக்கலாம். 1660களில் பதினான்காம் லூயி அதை எழுப்பியதே அந்நகர மக்களைக் கண்காணிக்கத்தான். இன்று அவர்கள் அங்கே மாலைக் காற்று வாங்குகிறார்கள்.

கோட்டைத் திட்டம் எதுவானாலும் வரைபடத்துக்கு முன் இரண்டைக் கேளுங்கள்: சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இருக்கிறாரா? மதில்மேல் நடக்கக் கட்டணம் உண்டா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்