நாலு போட்ட கதை

ஏட்டி செல்வி,

எட்டு மாசமாகப் பதில் போடாதவளுக்கு ‘ஏட்டி’ என்று கூப்பிட உரிமை கிடையாதுதான். உன் மகன் பத்தாம் வகுப்பு மார்க்குக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பூங்கொத்து பொம்மை அனுப்பினேனே, அதையும் கடிதக் கணக்கில் சேர்த்துக்கொள். அம்மாவுக்கு முட்டுவலி தேவலை. இங்கே அமெரிக்காவில் ஏப்ரல் பிறந்தும் வாசலில் பனி கிடக்கிறது. இவர் வழக்கம்போல. இப்போது எழுதப்போகிற விஷயத்தை அவரிடம் சொன்னால் ‘ரிசைன் பண்ணிடு’ என்பார். எல்லா நோய்க்கும் அவரிடம் இருக்கிற ஒரே மாத்திரை அது. அதனால் உன் தலையில் கட்டுகிறேன்.

போன அக்டோபரில் எனக்கு ஒரு படிவம் வந்தது. நீ ‘கலெக்டரம்மா’ என்று கிண்டல் பண்ணுவாயே, அந்த உத்தியோகத்தில் இருக்கிற எல்லாருக்கும், அதாவது பச்சைக்குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கிற ஸ்க்ரீனிங்கைப் பார்த்துக்கொள்கிற கோஆர்டினேட்டர்களுக்கு. ‘உங்கள் திட்டத்தை நீங்களே மதிப்பீடு செய்யும் திறன் உங்களுக்கு எவ்வளவு?’ 1 முதல் 5 வரை டிக் அடிக்க வேண்டும். சரியான கேள்வியை எழுப்பத் தெரியுமா, எதைச் செய்தால் என்ன பலன் வரும் என்று படமாகக் காட்டுகிற லாஜிக் மாடல் போடத் தெரியுமா, எந்தத் தகவலை எங்கே தேடுவது என்று தெரியுமா, கிடைத்த முடிவை வைத்து எதையாவது மாற்றியிருக்கிறாயா என்று நீண்டுகொண்டே போனது. மத்தியானம், ஒரு கையில் தயிர்சாத டப்பா, மறு கையில் மவுஸ். வரிசையாக 4, 4, 4. 5 போட்டால் திமிர் என்பார்கள், 3 போட்டால் எதற்குச் சம்பளம் என்பார்கள். ‘பிள்ளை எப்படிப் படிக்கான்?’ என்றால் ‘ஏதோ படிக்கான்’ என்று நாம் சொல்வோமே, அதற்கு இந்த ஊர்ப் பதில் 4.

எனக்கு என்ன குறைச்சல் என்றும் ஒரு நினைப்பு. 1-3-6 எனக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும்: 1 மாதத்துக்குள் ஸ்க்ரீனிங், 3 மாதத்துக்குள் முழுப் பரிசோதனை, 6 மாதத்துக்குள் கேட்காத குழந்தைக்குப் பயிற்சி. முடிந்தவர்கள் அதை 1-2-3 ஆக்கப் பாருங்கள் என்று 2019இல் சொன்னதும் தெரியும். எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை சதவீதம் என்று கேட்டால் புள்ளிக்குப் பின்னால் இரண்டு எண் வரை ஒப்பிப்பேன். திட்டங்களை எப்படி மதிப்பிடுவது என்று இந்த நாட்டு நோய்த்தடுப்பு மையமான சிடிசி 1999இல் போட்டதே ஆறு படி, அது என் மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறது. நம் மெஸ்ஸில் ‘உணவை வீணாக்காதீர்’ ஒட்டியிருந்தது போல.

ஜனவரியில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். நடத்தியது ஒரு வயசான அம்மா. நம் காலேஜ் டெசிபல் சாருக்கு அக்கா என்றால் நம்புவாய், அதே கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை. ‘உங்கள் திட்டத்தில் நீங்கள் பெருமைப்படுகிற ஓர் எண்ணை எழுதுங்கள்’ என்றார். நான் யோசிக்கவே இல்லை. இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ரெஃபர் ஆகிற, அதாவது ஸ்க்ரீனிங்கில் பாஸாகாமல் மேல் பரிசோதனைக்குப் போகிற குழந்தைகள் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலே நல்லது என்பதுதான் பொதுக்கணக்கு. போன வருஷம் நானே போய் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தேன், கேக் வெட்டினோம், அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு லிஃப்ட் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள்.

‘எப்படிக் குறைந்தது?’ என்றார் அந்த அம்மா.

‘நர்சுகள் நன்றாகச் செய்கிறார்கள்.’

‘நன்றாக என்றால்?’

எனக்குப் பதில் வரவில்லை, செல்வி. வைவாவில் டெசிபல் சார் முன்னால் நின்றேனே, அதே மாதிரி உள்ளங்கை ஈரம்.

பிப்ரவரியில் போய் ஒரு ராத்திரி முழுக்க அந்த ஆஸ்பத்திரி பிரசவ வார்டில் உட்கார்ந்தேன். பிறந்து பதினாலு மணி நேரம் ஆன பெண் குழந்தை. காதுக்குள் அந்த வெள்ளை மாவு இன்னும் காயவில்லை. ஸ்க்ரீனர் பெண் கை ரொம்ப இதமான கை, நீ பார்த்தால் உன் சென்டருக்குத் தூக்கிப்போய்விடுவாய். துணியில் சுற்றி, காதை மெல்லப் பின்னால் இழுத்து, மெஷினின் ப்ரோபைக் காதுக்குள் வைத்தாள். ரெஃபர். எடுத்துத் துடைத்துத் திரும்ப வைத்தாள். ரெஃபர். ‘பால் குடிச்சிட்டு வரட்டும்’ என்றாள். வந்தது. மூன்று, நாலு. ஐந்தாம் தடவை பச்சை விளக்கு. அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, ‘கடைசியில் எல்லாரும் பாஸாகிவிடுவார்கள்’ என்றாள்.

உனக்குக் கோவில்பட்டி கேம்ப் தாம்பாள ஆச்சி ஞாபகம் வருகிறதா? எனக்கு அந்த நிமிஷம் அவள்தான் வந்தாள். பேரனுக்குக் காது கேட்கிறதா என்று, அவன் திரும்புகிற வரைக்கும் தாம்பாளத்தைத் தட்டுவது, திரும்பியதும் ‘பிள்ளைக்குக் கேக்குதுல்லா!’ அன்றைக்கு நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். இங்கே நான் அதற்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம் என்று விதி இருப்பது உனக்குத் தெரியும். பத்துக் கல் விட்டால் ஏதோ ஒன்றில் மாங்காய் விழத்தான் செய்யும், அதற்காக எறிந்தவனுக்குக் குறி தெரியும் என்று ஆகிவிடாது. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமே இல்லை. பெற்றவள் முகம் வாடுவதைப் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். கோபம் என்மேல். மெஷினில் ஐந்து தடவையும் நேரத்தோடு பதிந்திருக்கிறது. என் டேட்டாபேஸுக்கு வருவது கடைசி வரி மட்டும். அந்த மற்ற வரிகளைக் கேட்டு வாங்க வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லையே. வந்த எண்ணைக் கூட்டினேன், சதவீதம் போட்டேன், நல்லதாக இருந்தால் கேக் வாங்கினேன்.

இன்னொன்றும் கேள். இந்த நாட்டில் கிட்டத்தட்ட 98 சதவீதம் குழந்தைகளுக்கு ஸ்க்ரீனிங் நடந்துவிடுகிறது. அதில் பாஸாகாத குழந்தைகளில் ஒரு பெரும்பங்கு அதற்கப்புறம் என்ன ஆனது என்றே ஏட்டில் இருக்காது. ‘பெற்றோருக்கு அக்கறை இல்லை’ என்று நானே மீட்டிங்கில் பேசியிருக்கிறேன். இப்போது பழைய ஃபைலை ஒவ்வொன்றாக எடுத்து போன் போட்டுப் பார்த்தால், சில குழந்தைகளுக்கு டெஸ்ட் எப்போதோ முடிந்திருக்கிறது, கேள்திறனைப் பரிசோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் முடிவை எங்களுக்கு அனுப்பவில்லை. சிலது ஆஸ்பத்திரியில் ‘பேபி கேர்ள்’, அம்மா குடும்பப்பெயர். கிளினிக்கில் சொந்தப் பெயர், அப்பா குடும்பப்பெயர். ஒரே குழந்தை இரண்டாகப் பிரிந்து, ஒன்று தொலைந்துபோனதாகக் கணக்கு. உன் ரிஜிஸ்தரில் ‘பி/ஓ முத்துலட்சுமி’, அதாவது முத்துலட்சுமி குழந்தை என்று எத்தனை முத்துலட்சுமிகளோ! குழந்தைகளைப் பரிசோதிக்கிற ஆர்பிஎஸ்கே திட்டம் அங்கே வந்த புதிதில் நீ புலம்பிப் போட்ட கடிதத்துக்கு நான் கொடுத்த உபதேசத்தை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இனி சிரிக்கிற பகுதி. மார்ச்சில் அதே படிவம் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை நியாயமாகப் போட்டேன்: 2, 2, ஒன்றிரண்டு இடத்தில் 1. என்னை மாதிரியே மற்றவர்களும் போட்டிருப்பார்கள் போலிருக்கிறது, கிராஃப் சரசரவென்று கீழே இறங்குகிறது. என் மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு ‘காசு கொடுத்துப் பயிற்சி வைத்து இருந்த திறனையும் போக்கிவிட்டார்களா?’ என்கிறார். பயிற்சி நடத்திய அந்த அம்மாவிடம் கேட்டேன், அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. இது எல்லா ஊரிலும் நடக்கிறதாம். விஷயம் தெரியாதபோது நாம் பிடித்திருக்கிற அளவுகோலே வேறு, தெரிந்த பிறகு அதே 4 எவ்வளவு உயரம் என்று புரிகிறது. அதனால் பயிற்சி முடிந்தபின், ‘அப்போது நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று இப்போது தோன்றுகிறது?’ என்று இன்னொரு கட்டம் போட்டுக் கேட்க வேண்டுமாம். கேட்டார். அக்டோபர் கோமதிக்கு நான் 1 போட்டேன். ஆக 4இலிருந்து 2க்கு இறங்கியவளும் நான், 1இலிருந்து 2க்கு ஏறியவளும் நான். மேலதிகாரிக்கு இரண்டாவது கிராஃப்தான் பிடித்திருக்கிறது.

அவருக்கு ஒரு விஷயம் இன்னும் பிடிபடவில்லை. லாஜிக் மாடல் போடுவதை ரெண்டு நாளில் யாரும் படித்துக்கொள்ளலாம். பல இடங்களில் ஒரே ஆள்தான் போன் எடுப்பது, கிராண்ட் எழுதுவது, தரவு அனுப்புவது எல்லாம். அவள் உட்கார்ந்து ‘ஏன்?’ என்று கேட்க நேரம் எங்கே? அப்படியே கேட்டு, ரெஃபர் 1 சதவீதம் அடுத்த வருஷம் 5 ஆகிவிட்டால், ‘இப்போதுதான் நிஜம் தெரிகிறது’ என்று அவளுக்காகப் பேச மேலே ஆள் இருக்கிறதா? படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை. நான் கீழே இடம் விட்டிருந்த இடத்தில் எழுதி அனுப்பினேன், பார்ப்போம்.

சொல்லத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அந்தக் குழந்தை. ஆயிரத்தில் ஒன்றிரண்டு, மூன்று குழந்தைகளுக்குப் பிறவியிலேயே கேட்காது என்பது நமக்கு மனப்பாடம். அதில் இது ஒன்றா என்று எனக்குத் தெரியாது. மறுநாளே, காது நரம்பு சத்தத்துக்குப் பதில் தருகிறதா என்று பார்க்கிற ஏபிஆர் டெஸ்டுக்கு வரச் சொல்லி போன் போட்டோம். ‘பாஸ் என்றுதானே கார்டில் எழுதியிருக்கிறது?’ என்றாள் குழந்தையைப் பெற்றவள். நியாயம்தானே. இரண்டு மாசம் கெஞ்சி, கடைசியில் அந்த ஸ்க்ரீனர் பெண்ணே பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். வர்ற வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட்.

புதன்கிழமை நான் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், மெஷினில் இருக்கிற எல்லா வரிகளையும் இறக்க. லிஃப்ட் பக்கம் அந்தச் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருக்கும். கழற்றச் சொல்லவா, பார்க்காத மாதிரி போய்விடவா? உனக்கு இதெல்லாம் கைவந்த கலை, புதனுக்குள் எழுது. பூங்கொத்து பொம்மை அனுப்பினால் உதைப்பேன்.

உன்,
கோமதி